மாயவாள் கேட்கும் விலை

1971-இல் அமெரிக்காவில் ‘செயின்மெயில்’ என்றொரு சிறிய விதிநூல் வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன். மேசைமேல் பொம்மை வீரர்களை அணிவகுத்து இடைக்காலப் போர்களை ஆடிப் பார்ப்பவர்களுக்கான நூல் அது. கடைசிப் பக்கங்களில், டிராகன்களையும் மந்திரவாதிகளையும் களத்தில் இறக்குவதற்கு ஒரு பின்னிணைப்பு இருந்தது. அதில் மாயவாளுக்குக் கிடைத்தவை சில வரிகள்தான். கற்பனைப் பாத்திரங்கள் மோதும்போது மாயவாள் ஏந்தியவர் பகடையில் விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். எக்ஸ்காலிபர் போன்ற பெருவாள் என்றால் மூன்று. ஆர்தர் மன்னனின் கதைகளில் ஓர் அரசையே தாங்கி நின்ற வாள் இங்கே ஒரு கூட்டல் கணக்காக வந்து சேர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் மின்னசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் ஓர் ஆட்டத்தை நடத்திவந்தார். அங்கே வாள்களுக்கு மனம் இருந்தது. அறிவும் விருப்பு வெறுப்பும் அகந்தையும் இருந்தன. அவற்றைக் கையில் எடுப்பவர் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும், அல்லது மல்லுக்கு நிற்க வேண்டும்.

கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தபோது, இந்த இரண்டு வாள்களும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. டி.எஸ்.ஆர். நிறுவனம் முதலில் 1000 பெட்டிகள்தான் அச்சிட்டது. மூன்று சிறு நூல்களில் இரண்டாவது, அரக்கர்களையும் புதையல்களையும் பற்றியது. ஒரு வாள் கிடைத்தால் அதற்கு எத்தனை கூடுதல் எண் என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு எவ்வளவு அறிவு, எவ்வளவு அகந்தை, அது ஒழுங்கின் பக்கமா குழப்பத்தின் பக்கமா என்றும் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்து வாளைத் தொட்டாலே கை வெந்துபோகும். அகந்தை மிகுந்த வாள், தன்னை ஏந்தியவர் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து அவரையே ஆட்டிவைக்கும். மேலான வேறு ஆயுதத்தை எடுக்கவிடாது, தன் புகழுக்காகத் தேவையில்லாத சண்டைக்குள் இழுத்துவிடும். 1979-இல் வந்த விரிவான விதிகளில், தனக்கு மணிகள் பதிக்க வேண்டும், தனி உறை வேண்டும் என்றெல்லாம் கேட்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

மாயப் பொருள்களின் ஐம்பதாண்டு வரலாற்றை இந்த இரண்டு பிறப்புகளுக்கிடையிலான இழுபறியாகவே நான் படிக்கிறேன். ஒன்று எண்ணாகப் பிறந்தது. மற்றொன்று ஆளாகப் பிறந்தது. எண் விதிநூல்களில் செழித்தது. ஆடியவர்களின் நினைவில் தங்கியதோ இரண்டாவது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சில சொற்கள். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் நடத்துநர், உலகமும் அதன் பகைவர்களும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடத்துநர் சூழ்நிலையைச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்ல, வெற்றி தோல்வி ஐயமாக இருக்கும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. வாளும் மோதிரமும் பேச்சிலும் ஒரு தாளில் எழுதிய வரியிலும் மட்டுமே இருக்கின்றன. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் நிலவறையில் உட்கார்ந்து ஆடுவது இதைத்தான். 2022-இல் வந்த அதன் நான்காம் பருவத்தின் வில்லனுக்கு அவர்கள் சூட்டும் ‘வெக்னா’ என்ற பெயரும் இந்த ஆட்டத்தின் ஒரு மாயப் பொருளிலிருந்து வந்ததே. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எண். சண்டையில் உருட்டுவது இருபது முகப் பகடை. ஒன்று கூடினால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து கூடும். பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அடி விழும் என்ற நிலையில் 50 சதவீதம் 55 ஆகும். அதாவது, இருபது முறை வீசினால் ஒரு முறை அந்த வாள் தன் வேலையைக் காட்டும். ஒரு மாலை முழுக்க ஆடினாலும் ஒருவர் இருபது முறை வாள் வீசுவது அரிது. ஆக, மாயவாளின் மாயம் ஒரு மாலைக்கு ஒரு முறைகூடத் தென்படாமல் போகலாம். அகந்தை பிடித்த வாள் அப்படி ஒதுங்கி இருக்காது. கதவைத் திறக்கும்போதும் கைதியை விடுவிக்கும்போதும் பங்கு பிரிக்கும்போதும் அது குறுக்கே பேசும்.

இந்தப் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஆக்கியவர்கள் மறைக்கவில்லை. 1979-இல் வந்த நடத்துநர் கையேட்டின் ‘பின்னிணைப்பு என்’ பகுதியில் தன்னைப் பாதித்த எழுத்தாளர்களைக் கைகாக்ஸ் பட்டியலிட்டார். ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ் எல்லாம் அதில் உண்டு. பறக்கும் கம்பளமும் பூதம் அடைபட்ட குப்பியும் ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து வந்தவை. தலையைத் துண்டிக்கும் ‘வோர்பல்’ வாள் லூயிஸ் கரோலின் 1871-ஆம் ஆண்டுக் குழந்தை நூலிலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இடிச் சம்மட்டி. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லுசன் தொகுத்த எட்டாவில் தோர் தேவனிடம் மூன்று செல்வங்கள் இருக்கின்றன: சம்மட்டி, அதைப் பிடிக்க இரும்புக் கையுறை, வலிமையை இரட்டிக்கும் இடைக்கச்சை. 1979 விதிகளின்படியும், பூதவலிமைக் கச்சையும் கையுறையும் அணிந்தவருக்கு மட்டுமே இடிச் சம்மட்டி தன் முழு ஆற்றலைத் தரும். மூன்றும் ஒருவரிடம் சேர்வது எளிதில் நடக்காது. சம்மட்டி கிடைத்தவர் மற்ற இரண்டுக்காக உலகெங்கும் அலைய வேண்டும். புராணத்தின் அமைப்பே ஆட்டத்தின் அமைப்பாக மாறியிருக்கிறது. இந்தக் கச்சைக்குப் பின்னால் நேர்ந்த கதியையும் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு பை. ஆளைக் கொல்லாத, ஆளோடு பேசாத, எந்த எண்ணையும் கூட்டாத பொருள் அது. வெளியே சாதாரணச் சாக்குப்பை. உள்ளே வெளியைவிடப் பெரிய இடம். 2014 விதிகளின்படி வாய் இரண்டடி அகலம், ஆழம் நான்கடி. 500 பவுண்டு, அதாவது சுமார் 225 கிலோ கொள்ளும். எவ்வளவு திணித்தாலும் பையின் எடை 15 பவுண்டுதான். இது வரை அட்சய பாத்திரத்தின் ஏதோ ஒரு உறவு என்று நாம் நினைத்துக்கொள்ளலாம். அதன் பிறகுதான் விதி சுவையாகிறது. அளவுக்கு மீறித் திணித்தாலோ கூர்மையான பொருள் துளைத்தாலோ பை கிழியும். உள்ளிருந்தவை வேறொரு அண்டவெளியில் சிதறும். பையை உள்வெளியாகத் திருப்பினால் எல்லாம் சேதமில்லாமல் கொட்டும். மறுபடி திருப்பிய பிறகே பயன்படும். மூச்சுவிடும் உயிரை உள்ளே வைத்தால் பத்து நிமிடம் தாங்கும். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம்.

இந்தப் பத்தியை நான் தீர்ப்புத் தொகுப்பைப் படிப்பதுபோலப் படிப்பேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு மேசையில் எழுந்த கேள்வி கேட்கிறது. பைக்குள் ஈட்டியைச் செருகினால் என்ன ஆகும்? காவலாளியின் கண்ணில் படாமல் நண்பனை உள்ளே வைத்துக் கடத்தலாமா? இரண்டு நண்பர்களை? கணினி விளையாட்டில் பை என்றால் நிரல் எழுதியவர் அனுமதித்தது மட்டும்தான் நடக்கும். இங்கே பொருள் சொற்களால் ஆனது. ஆகவே யாரும் எதையும் கேட்கலாம், நடத்துநர் ஏதாவது ஒரு விடை சொல்லியாக வேண்டும். மாயப் பொருள் ஆட்டக்காரரின் கையில் வரும்போது அவருக்குக் கிடைப்பது உலகத்தின் விதிகளில் ஒன்றை மட்டும் வளைக்கும் உரிமை. எது வளையும், எது வளையாது என்று தட்டிப் பார்ப்பதில்தான் மேசையில் இருப்பவர்களின் அறிவு விழித்துக்கொள்கிறது.

இதன் உச்சம், பையையும் ‘எடுத்துச் செல்லும் குழி’யையும் பற்றிய விதி. அந்தக் குழி ஒரு கறுப்புத் துணி. தரையில் விரித்தால் பள்ளம், மடித்தால் கைக்குட்டை. 1979 கையேடே சொல்லிவிடுகிறது: பையைக் குழிக்குள் வைத்தால் அண்டவெளியில் ஒரு கிழிசல் விழுந்து இரண்டும் தொலையும், குழியைப் பைக்குள் வைத்தால் ஒரு வாயில் திறந்து, பத்தடி தூரத்துக்குள் நிற்பவர்களையும் சேர்த்து விழுங்கிவிடும். அபாய எச்சரிக்கையாக எழுதப்பட்ட இந்த வரியை ஆட்டக்காரர்கள் ஆயுதமாகப் படித்தார்கள். வெல்லவே முடியாத பகைவனின் அருகில் நின்று ஒருவர் குழியைப் பைக்குள் திணிக்கிறார், தானும் அவனும் சேர்ந்தே மறைவோம் என்று தெரிந்தே. இரண்டு விலைமதிப்பற்ற பொருள்கள், தன் பாத்திரத்தின் எதிர்காலம், மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அவர் கொடுத்துவிடுகிறார். எந்தக் கூடுதல் எண்ணாலும் இப்படி ஒரு காட்சியை உண்டாக்க முடியாது.

எண்ணின் பக்கம் திரும்புவோம். 1979 கையேட்டில் ஒவ்வொரு மாயப் பொருளுக்கும் இரண்டு மதிப்புகள் அச்சாகியிருந்தன: வைத்துக்கொண்டால் கிடைக்கும், பாத்திரத்தை நிலை நிலையாக உயர்த்தும் அனுபவப் புள்ளி; விற்றால் கிடைக்கும் பொற்காசு. சாதாரண +1 வாளுக்கு 400 புள்ளி, 2,000 காசு. ஒரு காசுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கும் நடப்பில் இருந்ததால், வாளை விற்றவர் வைத்துக்கொண்டவரைவிட ஐந்து மடங்கு புள்ளி பெறுவார். வாளா, வளர்ச்சியா? எண்களை வைத்தே ஒரு நல்ல கேள்வியைக் கேட்க முடியும் என்பதற்கு இது சான்று.

டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000-இல் ஜொனதன் ட்வீட், மான்ட்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு வந்தது. அதன் விதிப்படி, கூடுதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கி 2,000-ஆல் பெருக்கினால் மாய ஆயுதத்துக்கான விலை வந்துவிடும். +1-க்கு 2,000 காசு, +2-க்கு 8,000, +5-க்கு 50,000. செய்பவருக்குப் பாதி விலை செலவு. கூடவே விலையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அனுபவப் புள்ளியும் போகும். பத்தாம் நிலைப் பாத்திரத்திடம் 49,000 காசு மதிப்புள்ள உடைமை இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சொன்னது. எந்த அளவு ஊரில் எந்த விலை வரையுள்ள பொருள் கிடைக்கும் என்பதற்கும் அட்டவணை இருந்தது.

இதை வெறும் வணிகப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. முந்தைய ஆட்டத்தில் எல்லாமே நடத்துநரின் கையில் இருந்தது. கஞ்சத்தனமான நடத்துநரிடம் சிக்கிய போர்வீரர், மாய ஆயுதம் இல்லாமல் தொடவே முடியாத பகைவர்களின் முன்னால் வெறுங்கையோடு நின்றார். மந்திரவாதிக்கு அந்தக் கவலை இல்லை. அவருடைய ஆற்றல் அவரிடமே இருந்தது. விலைச் சூத்திரம் அந்த அநீதியைத் தீர்த்தது. ஆட்டக்காரர் தன் பாத்திரத்தைத் தானே திட்டமிட முடிந்தது. நியாயமான மனிதர்கள் நியாயமான காரணத்துக்காகச் செய்த வேலை அது.

ஆனாலும் விளைவு வேறு மாதிரி இருந்தது. பகைவர்களின் வலிமையும், பாத்திரங்கள் இன்னின்ன பொருள்களை அணிந்திருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் அமைந்ததால், கூடுதல் எண் பரிசாக இல்லாமல் கட்டாயமாகிவிட்டது. ஆயுதம், கவசம், காப்பு மோதிரம், எதிர்ப்பு மேலங்கி, தோலை உரமாக்கும் தாயத்து, உடல்திறனைக் கூட்டும் ஓர் அணி. இவற்றை ஆட்டக்காரர்கள் ‘பிக் சிக்ஸ்’ என்று அழைத்தார்கள். இந்த ஆறும் இல்லாதவர் பின்தங்கினார். இவற்றை வாங்கிய பிறகு விசித்திரமான எதையும் வாங்கக் காசு மிஞ்சாது. நிலவறையில் கிடைத்த வினோதக் கொம்பை விற்று, மேலங்கியை ஒரு படி உயர்த்திக்கொள்வதே புத்திசாலித்தனம் ஆயிற்று. தோரின் இடைக்கச்சை இருக்கிறதே, அது +4 வலிமைக்கு 16,000 காசு, +6-க்கு 36,000 காசு என்று கடைச் சரக்காக வந்துவிட்டது.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதே பாதையில் இன்னும் ஓர் அடி போனது. மாயப் பொருள்களின் பட்டியலை ஆட்டக்காரர்களின் நூலிலேயே அச்சிட்டு, வேண்டியதைக் கேட்டுப் பெறும்படி செய்தது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு திரும்பி நடந்தது. மாயப் பொருள் எதுவும் இல்லாமலே ஆட்டத்தின் கணக்கு நிற்கும்படி எண்களைச் சுருக்கினார்கள். அதோடு ‘இசைவு’ என்று ஒரு விதி: ஆற்றல் மிக்க பொருளோடு சிறிது நேரம் உட்கார்ந்து மனத்தைப் பிணைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களோடுதான் அப்படிப் பிணைய முடியும். எனக்கு இது பெரிய முன்னேற்றமாகவே படுகிறது. நான்காவது கிடைக்கும்போது எதைக் கைவிடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அல்லது பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இருந்தும் அந்தக் கேள்வி பெரும்பாலும் இடத்தைப் பற்றியதாக நின்றுவிடுகிறது. பொருள் தன் வாயால் எதையும் கேட்பதில்லை.

கேட்கும் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு, லாரன்ஸ் ஷிக் எழுதி 1979-இல் வெளியான ‘ஒயிட் ப்ளூம் மவுண்டன்’ சாகசத்தில் வரும் பிளாக்ரேசர் என்ற கருவாள். மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளில் வரும் ஸ்டார்ம்பிரிங்கர்தான் அதன் முன்னோடி. வெட்டுப்பட்டவனின் ஆன்மாவைக் குடித்து, அந்த வலுவைத் தன்னை ஏந்தியவருக்கு ஊட்டும். பிணப்பேய்களை வெட்டினால் ஓட்டம் தலைகீழாகும். ஏந்தியவரின் உயிர் வற்றும். 2014 விதிகளில் மூன்று நாள் ஆன்மா கிடைக்காவிட்டால் வாளுக்கும் ஆளுக்கும் மோதல் மூளும். இந்த வாளை வைத்திருக்கும் நல்லவர் மூன்றாம் நாள் மாலை என்ன செய்வார்? ஆட்டத்தின் மிகச் சிறந்த கேள்விகளில் ஒன்று இது. அதற்கு விடை எந்த அட்டவணையிலும் இல்லை.

மற்ற ஆட்டங்கள் இதைத் தங்கள் அடித்தளத்திலேயே வைத்தன. சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுலு’வில் (1981) மாயப் பொருள் பெரும்பாலும் ஒரு பழைய நூல், படித்தால் அறிவு கூடும், மனநிலை சிதையும். ஃபாசா நிறுவனத்தின் ‘எர்த்டான்’ (1993) இன்னும் ஆழமாகப் போனது. அங்கே பழம்பொருளின் ஆற்றல் ஒரேயடியாகத் திறக்காது. அதன் பெயர் என்ன, செய்தவர் யார், அதை ஏந்தியவர் எங்கே என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, அந்த அறிவின் வழியே தன்னை அதோடு இழையால் நெய்துகொள்ள வேண்டும். வரலாறு தெரியாதவர் கையில் அது வெறும் வாளுக்குச் சற்று மேல். ஒரு பொருளின் கதையையே அதன் ஆற்றலாக ஆக்கிய இந்த ஏற்பாட்டைவிட நேர்த்தியான விதியை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை.

இனி வெக்னா. 1976-இல் வந்த ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’ என்ற துணைநூலில் முதன்முறையாகத் தொல்பெரும் பொருள்கள் சில அறிமுகமாயின. வெக்னா என்ற மந்திரவாதியின் கையும் கண்ணும் அவற்றில் அடங்கும். ஜாக் வான்ஸின் பெயரெழுத்துகளை மாற்றிப்போட்டு அமைத்த பெயர் அது. வெக்னாவின் தளபதி காஸ், வெக்னா தந்த வாளாலேயே அவனை வீழ்த்தினான். மிஞ்சியவை ஒரு கையும் ஒரு கண்ணும். அந்தக் கையின் ஆற்றல் வேண்டுமென்றால் உன் இடக்கையை மணிக்கட்டில் வெட்டிவிட்டு அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கண் வேண்டுமென்றால் உன் கண்ணைத் தோண்ட வேண்டும். பொருத்திய பிறகு அது மெல்ல உன்னைத் தீமையின் பக்கம் இழுக்கும். தாளில் எழுதிய பாத்திரம்தானே என்று யாரும் இதைச் சட்டென்று செய்வதில்லை. பல மாதம் வளர்த்த பாத்திரம் அது.

ஆட்டக்காரர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் ஒரு கதை உண்டு. ஒரே உலகில் ஆடிய இரண்டு குழுக்களில் ஒன்று, ‘வெக்னாவின் தலை’ என்று ஒரு பொய்யைப் பரப்பி, ஒரு தலையைப் புதைத்தும் வைத்தது. மற்றக் குழு அதைக் கண்டெடுத்தது. யார் பொருத்திக்கொள்வது என்று அவர்களுக்குள் சண்டையே நடந்தது. வென்றவரின் தலையை நண்பர்கள் வெட்டினார்கள். ஒன்றும் நடக்காததைப் பார்த்தும் இன்னொருவர் தன் கழுத்தை நீட்டினார். நடந்ததோ கட்டியதோ, மாயப் பொருளைப் பற்றி இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தலைக்கு எந்த எண்ணும் இல்லை, எந்த ஆற்றலும் இல்லை. அதன் முழு வலிமையும் அது கேட்ட விலையிலிருந்தே வந்தது. அவ்வளவு கேட்கும் பொருள் அதற்குமேல் தரும் என்று அவர்கள் நம்பினார்கள்.

1979 கையேட்டில் இந்தத் தொல்பொருள்களின் பகுதி, விதிநூல்களுக்கு வழக்கமில்லாத ஒரு முறையில் அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு பொருளின் பெயரும் கதையும் உண்டு. ஆற்றல்கள் வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கோடுகள். நன்மை தரும் சிறு ஆற்றல்கள், பேராற்றல்கள், தீங்குகள், பக்கவிளைவுகள் என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். எதை எடுத்து எந்தக் கோட்டில் எழுதுவது என்பது நடத்துநரின் முடிவு. நூலை வாங்கிப் படித்துவிட்டு வந்த ஆட்டக்காரருக்கும் மேசையில் எதிர்ப்படும் கை புதிதாகவே இருக்கும். 2014 நூலில் கோடுகள் இல்லை. நிலையான சில ஆற்றல்களோடு சில குணங்களைப் பகடை உருட்டி எடுத்துக்கொள்ளலாம். அதில் வேலை மிச்சம், எதிர்பாராத சேர்க்கைகளும் கிடைக்கும். இருந்தாலும் நான் கோடுகளின் பக்கம். அவற்றை நிரப்ப உட்காரும் நடத்துநர், தன் மேசையில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதற்கு ஆசைப்படுகிறார்கள், யார் எதை இழக்கத் தயங்குவார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்த பிறகே பென்சிலை எடுக்க முடியும்.